தோற்றதற்கு ஊர்வலம் நடத்திய ஊர்! - கிளீவ்லேண்ட் ஏரிக்கரையில் ஒரு கால்பந்துக் கணக்கு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் தென்கரையில் இருக்கிறது கிளீவ்லேண்ட். கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1978 முதல் இங்கே தியாகராஜ ஆராதனை விழா நடக்கிறது. சென்னையிலிருந்து வித்வான்கள் விமானம் ஏறிப்போய்ப் பாடிவிட்டு வருகிறார்கள். ஆனால், குளிர்காலத்தில் இந்த ஊரின் ஞாயிற்றுக்கிழமைகள் வேறொன்றுக்குச் சொந்தம். அது, பிரவுன்ஸ் கால்பந்து அணி.

2018 ஜனவரி 6. உறைநிலைக்கும் கீழே போன குளிர். ஏரிக்கரை ஸ்டேடியத்தைச் சுற்றி சில ஆயிரம் பேர் கூடினார்கள். ஆரஞ்சு நிறத் தொப்பி, பழுப்பு நிற ஜெர்ஸி, நாய் முகமூடி, கையில் கேலி வாசக அட்டைகள். ஊர்வலம் ஸ்டேடியத்தை வட்டமடித்து வந்தது. மேலிருந்து பார்த்தால் பெரிய பூஜ்யம். அந்த சீசனில் பிரவுன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. அதைக் 'கொண்டாட'த்தான் இந்த ஊர்வலம்!

வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. ஊரின் உணவு வங்கிக்காக டின் உணவுகளும் நன்கொடையும் சேர்ந்தன. அணியின் வீரர்கள் சிலருக்கு மட்டும் இந்தக் கேலி பிடிக்கவில்லை. கோபமாகவே சொன்னார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு சீரியஸான கேள்வி இருந்தது. இத்தனை தோல்விகளும் தற்செயலா, திட்டமா?

தோற்றவருக்கு முதல் பந்தி

இங்கே சொல்லும் கால்பந்து, நாம் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அதை நடத்தும் என்.எஃப்.எல் லீக் பிறந்ததே கிளீவ்லேண்டுக்குத் தெற்கே 100 கிலோமீட்டரில் உள்ள கேன்டன் என்ற சிற்றூரில்தான். 1920-ல் அங்கே ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசித் தொடங்கினார்கள். இன்று 32 அணிகள்.

கல்லூரியில் ஆடி முடித்த இளம் வீரர்களை இந்த அணிகள் பங்கு போட்டுக்கொள்ளும் முறைக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். ஐ.பி.எல் போல ஏலம் கிடையாது. வரிசைப்படி ஒவ்வோர் அணியும் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும். போன சீசனில் யார் கடைசியோ அவருக்கே முதல் வாய்ப்பு. கோப்பை வென்றவர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இப்படி ஏழு சுற்றுகள்.

1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் முதல் டிராஃப்ட் நடந்தது. யோசனை சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். பணக்கார அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஆண்டு கடைசி இடத்தில் இருந்தது அவருடைய அணியேதான் என்பது கூடுதல் தகவல்! வரலாற்றின் முதல் தேர்வாக அவர் எடுத்த ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்-லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். 'முதல் வாய்ப்பு கிடைத்தால் மட்டும் போதாது' என்ற பாடம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பயம் இல்லை. கடைசியில் வந்தால் தண்டனைக்குப் பதில் பரிசு. அப்படியானால், வெல்ல வழியில்லாத ஆண்டில் நன்றாகவே தோற்றுவிட்டால் என்ன? இந்த யோசனைக்கு அங்கே 'டேங்கிங்' என்று பெயர்.

ஏரியில் கிடக்கும் பழைய ஸ்டேடியம்

கிளீவ்லேண்டின் நடுவே உள்ள பப்ளிக் ஸ்கொயரிலிருந்து வடக்கே இறங்கி நடந்தால், கால் மணி நேரத்தில் ஏரிக்கரை வந்துவிடும். கண்ணாடிக் கூம்பு போல நிற்கும் ராக் அண்டு ரோல் அருங்காட்சியகம், பக்கத்தில் அறிவியல் மையம், அதை ஒட்டி ஸ்டேடியம். டிசம்பரில் ஏரிக்காற்று ஸ்வெட்டரைத் தாண்டி எலும்பைத் தொடும். அந்தக் குளிரிலும் 67,000 இருக்கைகளை நோக்கிக் கூட்டம் நடக்கும். ஸ்டேடியத்தின் கிழக்கு முனைக்கு 'டாக் பவுண்ட்' என்று பெயர். நாய் முகமூடியோடு குரைத்தே எதிரணியை மிரட்டும் ரசிகர்களின் கோட்டை அது. பக்கத்திலுள்ள மாநகராட்சி கார் நிறுத்தத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டி, சாசேஜ் வாட்டி, ஆட்டத்துக்கு முன்பே திருவிழாவைத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு காலத்தில் இரும்பு ஆலைகளால் செழித்த ஊர். 1950-ல் 9 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 2020-ல் 3.7 லட்சம். ஆலைகள் போயின, வேலைகள் போயின, பலர் ஊரைவிட்டே போனார்கள். அணி மட்டும் இருந்தது. 1995-ல் அதுவும் போனது.

அந்த ஆண்டு நவம்பரில், அணியை பால்டிமோர் நகருக்குக் கொண்டுபோவதாக உரிமையாளர் ஆர்ட் மோடெல் அறிவித்தார். மறுநாள்தான், ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க வரி கட்டச் சம்மதித்து ஊர் மக்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். பலனில்லை. அந்த டிசம்பரில் நடந்த கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். பழைய ஸ்டேடியம் இடிக்கப்பட்டு, அதன் இடிபாடுகள் மீன்களுக்குச் செயற்கைப் பாறைத்திட்டாக ஈரி ஏரியில் இறக்கப்பட்டன.

நகரம் சட்டப் போராட்டம் நடத்தி அணியின் பெயரையும் நிறத்தையும் வரலாற்றையும் தக்கவைத்துக்கொண்டது. 1999-ல் புதிய ஸ்டேடியத்தில் புதிய பிரவுன்ஸ் வந்தது. பால்டிமோருக்குப் போன அணியோ, அடுத்த இரண்டே சீசன்களில் சூப்பர் பவுல் கோப்பையைத் தூக்கியது. பிரவுன்ஸ் கடைசியாக லீக் சாம்பியன் ஆனது 1964-ல். சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்கு இன்றுவரை போனதில்லை.

இவ்வளவு நடந்தும் ஒரு முறை பறிகொடுத்த அணியை மறுபடி ஏற்றுக்கொண்ட ரசிகர்கள் இவர்கள். தோல்விக் கணக்கு போடுகிறவர்களுக்கு இவர்களைவிட வசதியான ரசிகர்கள் கிடைப்பார்களா?

கணக்குப் போட்டவர்கள்

2016 தொடக்கத்தில் நிர்வாகம் மாறியது. வழக்கறிஞரான சாஷி பிரவுன் பொறுப்புக்கு வந்தார். பேஸ்பாலில் புள்ளிவிவரங்களை வைத்து அணி கட்டிப் புகழ்பெற்ற பால் டிபோடெஸ்டா வியூகத் தலைவரானார். வழி தெளிவாக இருந்தது. சம்பளம் அதிகமுள்ள அனுபவசாலிகளைப் போகவிடு, இன்றைய வாய்ப்பை விற்று நாளைக்கு இரண்டு வாய்ப்பாக வாங்கு, சம்பள உச்சவரம்பில் மிஞ்சும் தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோ.

2016-ல் கையிலிருந்த இரண்டாவது தேர்வை ஈகிள்ஸ் அணிக்கு விற்றார்கள். 2017-ல் ஹூஸ்டன் அணிக்கு வேண்டாத பிராக் ஆஸ்வைலரையும் அவருடைய 16 மில்லியன் டாலர் சம்பளத்தையும் தலையில் ஏற்றுக்கொண்டார்கள். காரணம், அவரோடு சேர்த்து ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் வந்தது. சீசன் தொடங்கும் முன்பே ஆஸ்வைலர் அனுப்பப்பட்டார். கடையில் பொருளுக்காக அல்லாமல் இலவசத்துக்காக வாங்குவதைப் போன்ற வியாபாரம்!

களத்தில் விளைவு? 2016-ல் 1 வெற்றி, 15 தோல்வி. 2017-ல் 0 வெற்றி, 16 தோல்வி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தோற்றதாக நிரூபிக்கப்படவில்லை. அப்போது பயிற்சியாளராக இருந்த ஹ்யூ ஜாக்சன் 2022-ல் அப்படிப்பட்ட தொனியில் குற்றம்சாட்டினார். அணி மறுத்தது. லீக் நடத்திய விசாரணையிலும் ஆதாரம் கிடைக்கவில்லை. எந்த வீரரும் களத்தில் இறங்கித் தோற்க முயல்வதில்லை. மோதலில் கொஞ்சம் தளர்ந்தால் அவருக்கே எலும்பு முறியும். அடுத்த ஒப்பந்தமும் போகும். ஆனால், வீரர்கள் தோற்க ஆடுவது வேறு. வெல்ல முடியாத அணியை அவர்கள் கையில் கொடுப்பது வேறு. விவாதமே இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

என்ன கிடைத்தது?

நியாயமாகப் பார்த்தால், நிறையவே கிடைத்தது. 2017-ன் முதல் தேர்வாக வந்த மைல்ஸ் கேரட், 2023-ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்ட வீரர் விருது வாங்கினார். 2018-ல் முதல் தேர்வு, குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு. நான்காவது தேர்வு, டென்செல் வார்டு. ஆஸ்வைலரோடு வந்த அந்த 'இலவச' வாய்ப்பில் ரசிகர்களின் செல்லப்பிள்ளையான நிக் சப் கிடைத்தார்.

2018 செப்டம்பர் 20 இரவு, மாற்று வீரராக உள்ளே வந்த மேஃபீல்டு, நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக ஆட்டத்தையே திருப்பினார். 635 நாள்களுக்குப் பிறகு முதல் வெற்றி! பிரவுன்ஸ் ஜெயித்தால்தான் பூட்டு திறக்கும் என்று ஒரு பீர் கம்பெனி ஊரெங்கும் வைத்திருந்த ஃபிரிட்ஜுகள் அன்றைக்குத்தான் திறந்தன.

2020 சீசனில் 11 வெற்றிகள். 18 ஆண்டுகளுக்குப் பிறகு பிளே ஆஃப். 2021 ஜனவரியில் பரம எதிரியான பிட்ஸ்பர்க்கை 48-37 என்று அவர்கள் ஊரிலேயே வீழ்த்தினார்கள். கொரோனா காலம் என்பதால் அந்த ஸ்டேடியம் ஏறக்குறைய காலி. இத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்கள் டி.வி முன்னால் உட்கார்ந்துதான் கத்த முடிந்தது.

கணக்கு பலித்தது என்று இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். ஆனால், கதை தொடர்ந்தது. 2017-ல் ஹூஸ்டனுக்கு விற்ற 12-வது தேர்வில்தான் டெஷான் வாட்சன் என்ற குவார்ட்டர்பேக் போயிருந்தார். அதே வாட்சனை 2022-ல் மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து வாங்கியது பிரவுன்ஸ். 230 மில்லியன் டாலர் உத்தரவாதச் சம்பளம் வேறு. அப்போது அவர்மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்களின் பாலியல் புகார்கள் இருந்தன. அவர் மறுத்தார். லீக் 11 ஆட்டங்கள் தடை விதித்தது. மேஃபீல்டு வேறு அணிக்கு அனுப்பப்பட்டு, பின்னர் டாம்பா பே நகரில் நன்றாகவே ஆடினார். 2024-ல் பிரவுன்ஸ் மறுபடி 3 வெற்றி, 14 தோல்வி. சிறுகச் சிறுகச் சேர்த்த வாய்ப்புகள் ஒரே வியாபாரத்தில் கரைந்துபோயின.

1999-க்கும் 2018-க்கும் இடையே நான்கு முறை டிராஃப்டின் முதல் தேர்வு இந்த ஊருக்குக் கிடைத்திருக்கிறது. நகர மையத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் ஜன்னலில், முதல்முதலாக வந்த டிம் கவுச்சின் ஜெர்ஸியைத் தொங்கவிட்டு, அவருக்குப் பின் வந்த குவார்ட்டர்பேக்குகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனார்கள். அந்தப் பட்டியல் ஜெர்ஸியைத் தாண்டி நீண்டது.

விலை கொடுத்தவர்கள்

இந்தக் கதையில் ஜோ தாமஸை மறக்கக் கூடாது. 2007 டிராஃப்டில் மூன்றாவது தேர்வு. அந்த நாளில் அவர் மேடைக்கு வராமல் அப்பாவோடு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். குவார்ட்டர்பேக்கைத் தாக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது அவர் வேலை. முதல் ஆட்டத்திலிருந்து 2017 அக்டோபரில் கை தசை கிழியும்வரை, இடைவிடாமல் 10,363 'ஸ்நாப்'கள் ஆடினார். அதாவது, அணியின் தாக்குதல் முறை வந்த ஒவ்வொரு முறையும் அவர் களத்தில் இருந்தார். காயமடைந்தது அந்த வெற்றியே இல்லாத சீசனில். அடுத்த மார்ச்சில் ஓய்வு. 11 சீசன்களில் ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. 2023-ல் கேன்டனிலுள்ள புகழ்மண்டபத்தில் அவருடைய வெண்கல மார்பளவுச் சிலை இடம்பெற்றது.

'நாளை நல்லது நடக்கும்' என்ற திட்டத்தில், இன்றைக்கு ஆடுகிறவருக்கு நாளை இல்லை. பயிற்சியாளர் ஜாக்சனுக்கும் அப்படித்தான். மறுபடி 1-15 ஆனால் ஏரியில் குதிக்கிறேன் என்று சொன்னவர், அதைவிட மோசமாக முடித்து, 2018 ஜூன் 1 அன்று சொன்னபடி ஈரி ஏரியில் இறங்கினார். அக்டோபரில் வேலை போனது. கிளீவ்லேண்டில் அவருடைய கணக்கு 3 வெற்றி, 36 தோல்வி, 1 டிரா. திட்டம் போட்ட சாஷி பிரவுனும் அறுவடைக்கு முன்பே, 2017 டிசம்பரில் அனுப்பப்பட்டிருந்தார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர், பட்டினி கிடந்தவர்கள் ரசிகர்கள்.

அடுத்த தெருவில் மட்டும் பலித்தது எப்படி?

அதே நகர மையத்தில் இருக்கிறது கேவலியர்ஸ் கூடைப்பந்து அரங்கம். அந்த அணி 2002-03-ல் 17 வெற்றி, 65 தோல்வி. பரிசாகக் கிடைத்த முதல் தேர்வு, பக்கத்து ஊரான ஆக்ரனில் வளர்ந்த லெப்ரான் ஜேம்ஸ்! இடையில் மயாமிக்குப் போய்த் திரும்பி வந்து, 2016-ல் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். அன்றைய வெற்றி ஊர்வலத்துக்குப் பத்து லட்சம் பேர் திரண்டார்கள்.

தோற்றால் பலன் உண்டு என்பவர்களுக்கு இது வலுவான சாட்சி. ஆனால், கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்து பேர். ஒரு மேதை வந்தால் அணியே மாறும். கால்பந்தில் ஒரு நேரத்தில் 11 பேர், தாக்குதலுக்குத் தனி, தடுப்புக்குத் தனி, மொத்த அணி 53 பேர். ஒருவரால் தூக்கிவிட முடியாது. 2008-ல் 16 ஆட்டங்களிலும் தோற்ற டெட்ராய்ட் லயன்ஸ், அதற்குப் பரிசாக மேத்யூ ஸ்டாஃபோர்டை எடுத்தது. நல்ல வீரர்தான். ஆனால், அவர் சூப்பர் பவுல் வென்றது லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போன பிறகு.

2021 டிராஃப்ட் நடந்தது இதே கிளீவ்லேண்ட் ஏரிக்கரையில். முந்தைய சீசனில் 13 ஆட்டங்கள் வரிசையாகத் தோற்ற நியூயார்க் ஜெட்ஸ், பிறகு இரண்டில் ஜெயித்துத் 'தொலைத்தது'. இரண்டாவது வெற்றி பிரவுன்ஸுக்கு எதிராக! அதனால் முதல் தேர்வான ட்ரெவர் லாரன்ஸ் ஜாக்சன்வில் அணிக்குப் போனார். தங்கள் அணி ஜெயித்ததற்காக ஜெட்ஸ் ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். ஒரு விளையாட்டு கெட்டுப்போனதற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

வழி இல்லாமல் இல்லை

என்.பி.ஏ கூடைப்பந்து லீக் 1985-லேயே குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. 2019-ல், கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் தேர்வுக்கான வாய்ப்பைச் சமமாக 14 சதவிகிதம் ஆக்கியது. 2024-ல் தொடங்கிய வட அமெரிக்கப் பெண்கள் ஹாக்கி லீக் இன்னும் ஒரு படி மேலே போனது. பிளே ஆஃப் வாய்ப்பை இழந்த பிறகு ஓர் அணி சேர்க்கும் புள்ளிகளை வைத்தே டிராஃப்ட் வரிசை. அதாவது, நல்ல வீராங்கனை வேண்டுமென்றால் ஜெயிக்க வேண்டும்! சீக்கிரமே வெளியேறும் பலவீனமான அணிக்குப் புள்ளி சேர்க்க அதிக ஆட்டங்கள் மிஞ்சும். எளியவருக்கு உதவியும் ஆச்சு, ரசிகருக்கு ஆட்டமும் ஆச்சு. என்.எஃப்.எல் மட்டும் பழைய வரிசையிலேயே நிற்கிறது.

தோல்வியைத் திட்டமிடலாம், அது சுலபம். வெற்றியைத் திட்டமிட முடியாது என்பதற்கு கிளீவ்லேண்ட் சாட்சி. அந்தக் கணக்கில் டிராஃப்ட் வாய்ப்பு, சம்பளம் எல்லாவற்றுக்கும் விலை போட்டார்கள். குளிரில் வந்து உட்கார்ந்தவர்களின் விசுவாசத்துக்கு மட்டும் விலை போடவில்லை. அது எப்போதும் இலவசமாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

சீசன் செப்டம்பரில் தொடங்கி ஜனவரிவரை நடக்கும். விமான நிலையத்திலிருந்து ரெட் லைன் ரயில் நேராக நகர மையத்துக்கு வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் குளிர் பொறுக்கும்படி இருக்கும். டிசம்பர் என்றால் கையுறை இல்லாமல் ஏரிக்கரைக்குப் போக வேண்டாம். 1912-ல் கட்டிய வெஸ்ட் சைடு மார்க்கெட்டில், கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு போலிருக்கும் 'பியரோகி' கிடைக்கும். உருளைக்கிழங்கு வைத்தது சைவக்காரர்களுக்கும் ஆகும். கேன்டன் புகழ்மண்டபம் காரில் ஒரு மணி நேரம்.

ஏரிக்கரை ஸ்டேடியத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புரூக் பார்க் என்ற புறநகரில் கூரை போட்ட புது ஸ்டேடியம் கட்டி, 2029-ல் அங்கே குடியேறுவது அணியின் திட்டம். அங்கே ஏரிக்காற்று அடிக்காது. ரசிகர்களுக்கு மிஞ்சியிருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஆட்டமாவது ஜெயிப்பார்களா?